படிக்காமல் சொன்ன பதினேழு எண்கள்

நான் பொய் அளவுகளைச் சொன்னேன். ஒன்றல்ல, இரண்டல்ல... பதினேழு! அதற்கான பழியை இன்னொருத்தி சுமந்தாள். சுமக்கட்டும் என்று விட்டுவிட்டேன். விஷயம் இவ்வளவுதான். இனி நான் சொல்வதெல்லாம் நடந்தது எப்படி என்பதற்காக. என்னை நியாயப்படுத்திக்கொள்ள அல்ல.

நீங்கள் குகைக்குள் போயிருக்க மாட்டீர்கள். முப்பத்தெட்டு வயது வரை நானும் போனதில்லை. ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதகன், குடியிருப்பது படப்பையில். எங்கள் பக்கம் ஏரி உண்டு, லாரி உண்டு, குகை ஏது? எங்கள் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் இருக்கும் குணா சார்தான் இந்தப் பைத்தியத்தை எங்களுக்குப் பிடிக்க வைத்தார். லீவு சேர்ந்து வந்தால் நாலைந்து பேராகப் பஸ் பிடித்துக் கடப்பைப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குகைகளுக்குப் போவோம். அளப்போம். திரும்பி வந்து கம்ப்யூட்டரில் ஏற்றி வரைபடமாக்குவோம்.

அதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. திறந்த மூல மென்பொருள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எழுதியிருப்பதைப் பிரித்துப் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம். அதன் மெனுக்களைத் தமிழாக்கியவன் நான். தமிழ்ப் பகுதிக்கு யார் திருத்தம் அனுப்பினாலும் ஏற்பதா, வேண்டாமா என்று முடிவு செய்பவனும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது... ஆமாம், இருந்தது!

ஜெசிந்தா பிள்ளைப்பாக்கத்துப் பெண். சுங்குவார்சத்திரம் பக்கம் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆபரேட்டர். ஷிப்ட் முழுக்க லைனில் நின்றுகொண்டு ஒரே இடத்தில் ஒரே திருகை முடுக்கும் வேலை. குகைக்குள் நாங்கள் சொல்லும் அளவுகளை நோட்டில் எழுதுவது அவள். அவள் எழுத்தைப் பார்க்க வேண்டுமே நீங்கள்! சேற்றுக் கையோடு குப்புறப் படுத்து எழுதினாலும் ஏழு ஒன்றாகத் தெரியாது, மூன்று எட்டாகத் தெரியாது.

அளக்கும் முறை எளிதுதான். ஓர் இடத்திலிருந்து அடுத்த இடம் வரை டேப் பிடித்து நீளம் எடுக்க வேண்டும். திசைகாட்டியில் அது எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். எழுபத்துநாலு டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அடுத்த இடத்துக்குப் போய், உடம்பைத் திருப்பி, முதல் இடத்தைத் திரும்பப் பார்த்துப் படிக்க வேண்டும். இருநூற்று ஐம்பத்துநாலு வர வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் படித்தவன் தவறவில்லை. நீளத்துக்கு மட்டும் இந்த இரட்டைச் சோதனை கிடையாது, ஒருமுறைதான் எழுதுவார்கள்.

அந்தக் குகையில் ஒரு பொந்து வழி இருந்தது. குணா சார் டேப்பின் நுனியோடு முன்னே, நான் திசைகாட்டியோடு நடுவில், ஜெசிந்தா நோட்டோடு பின்னால். படுத்தபடி ஊர்ந்துதான் போக முடியும். திரும்புவதென்றால் இடுப்பு ஒடியும். தலையை நிமிர்த்த முடிந்த முதல் இடத்தில் திரும்பினேன். முழங்கை பாறையில் சிராய்ந்து எரிந்தது. இரண்டாவது இடத்தில் திரும்பவில்லை. நூற்று எண்பதைக் கூட்டி, படித்தது போல உரக்கச் சொன்னேன்.

"இன்னொரு தபா சொல்லுங்கண்ணா," என்றாள் பின்னாலிருந்து.

சொன்னேன்! குரல் நடுங்கவே இல்லை.

அப்படியே பதினேழு இடம். எல்லாம் அச்சாகப் பொருந்தினால் சந்தேகம் வருமே என்று அங்கங்கே அரை டிகிரி கூட்டினேன், அரை டிகிரி குறைத்தேன். எங்கே கற்றேன் இதை? எங்கள் லைனில்தான். மணிக்கொரு முறை அளந்து எழுத வேண்டிய தாளை ஷிப்ட் முடிகிற நேரத்தில் மொத்தமாக நிரப்பிப் பழகிய கை இது. தாள் சரியாக இருந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஜெசிந்தா தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருந்தால் என் பூட்ஸின் அடிப்பாகம் அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் திரும்பவே இல்லை என்பதும் தெரிந்திருக்கும். அவள் பார்க்கவில்லை. என்னை நம்பினாள்.

குகையைச் சுற்றி வந்து, கிளம்பிய இடத்திலேயே அளவை முடித்தோம். படப்பையில் என் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து மென்பொருளில் ஏற்றினால், அதே இடம் திரையில் இரண்டு இடமாக நின்றது... ஒன்பது மீட்டர் தள்ளி! கோடு சிவப்பாகிவிட்டது.

குணா சார் திரையையே பார்த்தார். "ரீடிங் எல்லாம் ரெண்டு பக்கமும் மேட்ச் ஆவுது. அப்போ அளந்தவன் மேல தப்பு இல்ல. நீளத்தை எங்கியோ மாத்தி எழுதிக்கீறே ஜெசிந்தா. இவ்ளோ தூரம் போயி, இன்னாம்மா இது?"

அவள் நோட்டைப் புரட்டினாள். மறுபடி புரட்டினாள். "எனக்கே தெர்ல சார்... கரெக்டாத்தான் எழுதிக்கினு வந்தேன்," என்றாள். முகம் செத்துப்போயிருந்தது.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். "விடுங்க சார், ஆவறதுதான்," என்றேன். பெருந்தன்மையாக! நினைத்தாலே உடம்பு கூசுகிறது எனக்கு.

அன்றைக்கு எனக்குக் காரணம் நிச்சயமாகத் தெரியாது என்று சொல்லலாம். அடுத்த ஞாயிறு மதியம் அதுவும் போயிற்று. சாப்பாட்டு மேஜையில் திசைகாட்டியை வைத்து குகையில் நெற்றியில் கட்டும் என் விளக்கைக் கிட்டே கொண்டுபோனேன். முள் சட்டென்று விலகியது. பொந்துக்குள் படுத்துக்கொண்டு திசைகாட்டியைக் கண்ணருகே பிடித்திருந்தேன் அல்லவா? விளக்கின் பேட்டரி முள்ளை இழுத்திருக்கிறது. நிமிர்ந்து படித்த இடங்களில் இழுக்கவில்லை. அந்தப் பதினேழில் ஒரே ஓர் இடத்தில் ஒழுங்காகத் திரும்பிப் படித்திருந்தாலும் இரண்டு எண்ணும் முட்டிக்கொண்டிருக்கும், அங்கேயே பிடிபட்டிருக்கும். தட்டில் சோறு ஆறிப்போகும் வரை அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

பிறகு நடந்ததுதான் மோசம். புதிதாகக் கற்பவர்களுக்காக அந்த மென்பொருளோடு சில மாதிரிக் கோப்புகள் வரும். பிழையுள்ள அளவைக்கு உதாரணமாக எங்கள் குகை சேர்ந்தது. அதற்குத் தமிழில் ஒரு குறிப்பு வேண்டும் என்றார்கள் மென்பொருளைப் பராமரிப்பவர்கள். ஜெசிந்தா, தானே எழுதி அனுப்பினாள்: "நோட்டில் நீளத்தைத் தவறாக எழுதியதால் வந்த பிழை. எழுதியவர் ஜெசிந்தா. திசை படித்தவரிடம் தவறு இல்லை."

திருத்தம் என் பெயருக்கு வந்தது. ஏற்கவா, மறுக்கவா? ஏற்றேன்! என் விரலால், பட்டப்பகலில், டீ குடித்துக்கொண்டே.

நீங்கள் இன்று அதை இறக்கிக்கொண்டாலும் அந்த மூன்று வாக்கியமும் உங்கள் கம்ப்யூட்டருக்கு வரும்.

திருத்தி எழுதி வைத்திருக்கிறேன், தெரியுமா? உண்மை முழுவதும், என் பெயரோடு. அனுப்பவில்லை. எதற்குப் பயப்படுகிறேன்? வேலை போகாது, யாரும் அடிக்க மாட்டார்கள். குணா சார் முகத்தைப் பார்க்க வேண்டும்; அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்கே துணிவில்லை.

போன வாரம் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். டீக்கடை ஓரம் நின்று ஒரு தாளை நீட்டினாள். லைனிலிருந்து இன்ஸ்பெக்‌ஷன் பிரிவுக்கு எடுக்கிறார்களாம்; சூப்பர்வைசரே அவள் பெயரைச் சொன்னாராம். உட்கார்ந்து செய்யும் வேலை, பெர்மனென்ட் ஆகவும் வழி இருக்கிறது. அளந்து எழுத வேண்டும், அதுதான் வேலையே. பழகிப் பார்க்க ஒரு தாள் நிரப்பியிருந்தாள்.

"தப்பு எதுனா கீதா பாருங்கண்ணா."

அளவுகளையும் கூட்டலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. "எல்லாம் கரெக்டா கீதும்மா. தைரியமா போ," என்றேன்.

"நல்லா பாருங்கண்ணா. எனக்கே தெரியாம மாத்தி எழுதிடுவேன் நானு. அன்னிக்கி குகைல பார்த்தீங்கல்ல? இங்க தப்பு வுட்டா லாட்டே ரிஜெக்ட் ஆயிடும். வேணாம்ணா... லைன்லயே இருந்துக்கிறேன்." கொஞ்சம் சிரித்தாள். "அன்னிக்கி எல்லாரும் பேசனாங்க. நீங்க ஒருத்தர்தான் என்னை ஒண்ணும் சொல்லல."

வாய் வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது! நாக்கைக் கடித்துக்கொண்டேனா, அவள்தான் பேச்சை மாற்றினாளா... இல்லை, பொய் சொல்லக் கூடாது. அவள் காத்துக்கொண்டுதான் நின்றாள். நான்தான் டீ கிளாஸைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது என்னிடம் பேனா கேட்டாள். கம்பெனி கொடுத்திருந்த விருப்பப் படிவத்தைப் பையிலிருந்து எடுத்து, முழங்கால்மேல் வைத்து, "விருப்பம் இல்லை" என்று எழுதினாள். அதே எழுத்து, ஓர் இழுப்புக்கூடக் கோணவில்லை. கம்பெனி பஸ் வந்தது. பேனாவை மறக்காமல் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒரு சுமையும் குறையவில்லை. உங்களிடம் சொல்வது சுலபம்... நீங்கள் ஜெசிந்தா இல்லையே.