குக்கர் கடை அமைச்சர்

"அவசியம் மாத்தித் தரலாங்க. ஆனா மாத்தவேண்டிய தேவை இன்னும் எழலியே" என்று சொல்லிக்கொண்டே குக்கர் மூடியை வந்தவரின் பைக்குள் தானே பதமாக வைத்து, பையின் காதுகளையும் முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறான் என் தம்பி ஜுனைத். வந்தவர் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்ப்பவர். இதே மூடியோடு மூன்றாவது தடவை வருகிறார். படியேறும்போது கோபமாகத்தான் ஏறினார். இப்போது, "வரேன் பாய், வூட்ல எல்லாரையும் கேட்டதா சொல்லு" என்று சிரித்தபடி இறங்குகிறார். போகிற போக்கில் ஒரு டீ வடிகட்டியும் வாங்கிக்கொண்டார்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் எங்கள் பாத்திரக் கடை. விற்ற பொருளைத் தம்பி திரும்ப வாங்கியதில்லை. சொன்ன விலையைக் குறைத்ததில்லை. ஆனால் 'முடியாது' என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதும் இல்லை. ரப்பர் தளர்ந்துவிட்டது என்றால், "தளரத்தான் செய்யும். நம்ம முட்டியே தளர்ந்து போவுது, அது ரப்பரு" என்பான். கைப்பிடி ஆடுகிறது என்றால் வாங்கி ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா, நல்லாவே ஆடுது" என்று முழுமனதாக ஒப்புக்கொள்வான். ஒப்புக்கொண்டதோடு சரி. அதற்குள் டீ வந்துவிடும். பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பான். அவனுக்கு மூத்தவள் நான், எட்டாவதோடு நின்றவள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இதைத் தினமும் பார்க்கிறேன். ஒருவர் மனம் நோகாமல் இல்லை என்று சொல்வதற்கு எவ்வளவு மூளை வேண்டும் என்பது பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

கல்வராயன் மலையும் அடிவாரமும் சேர்ந்த தொகுதியின் எம்.எல்.ஏ. தமிழரசன். கரும்பு விவசாயி, சாது. எதிரே இருப்பவர் கொஞ்சம் நல்ல தமிழில் பேசிவிட்டால் அவருக்கு மரியாதை வந்துவிடும். சட்டமன்றத்தில் முதன்முதலாக எழுந்து, தம் தொகுதியில் நூலகக் கட்டடம் கட்ட அரசு ஆவன செய்யுமா என்று கேட்டார். "அதற்கான தேவை எழவில்லை" என்றார் அமைச்சர். துணைக் கேள்வி உண்டா என்று பேரவைத் தலைவர் கேட்டார். நம்மவர் கைகூப்பி, "மிக்க நன்றி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். கேள்வி நேரத்தைத்தான் இப்போது நேரலையில் காட்டுகிறார்களே, ஊரே பார்த்தது. பஸ்ஸில் சீட்டுக் கேட்டு இடம் கிடைக்காதவன்கூட அந்த வாரமெல்லாம் கைகூப்பி, "மிக்க நன்றி" என்று சொல்லிக்கொண்டு நின்றான்.

அந்த வாரமே அவர் எங்கள் கடைக்கு ஒரு குக்கரோடு வந்தார். விசில் வரவில்லையாம். தம்பி டீ வரவழைத்தான். "விசில் வரலைன்னா சத்தமில்லாம வேவுதுன்னு அர்த்தம்ணே. அடுத்த வூட்டுக்காரனுக்குத் தெரியாம நீங்க கறி திங்கலாம்" என்றான். அவர் சிரித்தார். "நன்றி பாய்" என்று கும்பிட்டுவிட்டுக் குக்கரோடு இறங்கினார். கடைசிப் படியில் நின்றார். திரும்பி ஏறி வந்தார்.

"பாய், இப்ப நீங்க என்னை இன்னா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்லியேண்ணே."

"அதான் பாய். அமைச்சரும் இப்டியேதான் ஒண்ணும் பண்ல. நான் பாட்டுக்கு சந்தோசமா வந்துட்டேன்."

அப்படித்தான் என் தம்பி அமைச்சரானான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மாலையில் கடை திறக்கும்வரை மாடிக் குடோனில் எம்.எல்.ஏ.வுக்குப் பயிற்சிச் சட்டமன்றம் நடக்கும். கவிழ்த்துப் போட்ட பித்தளை அண்டாவில் தம்பி உட்காருவான். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் எம்.எல்.ஏ. பக்கத்து லுங்கிக் கடை ஷேக் பரீத் பேரவைத் தலைவர். அவர் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டினால் சபை அடங்க வேண்டும். எதுவானாலும் தம் வாயிலாகத்தான் பேச வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பு. ஒருநாள் தம்பி எம்.எல்.ஏ.விடம் நேராக, "தண்ணி வேணுமாண்ணே?" என்று கேட்டுவிட்டான். அதை அவைக் குறிப்பிலிருந்து நீக்கினார்.

தொழில் வீட்டுக்கும் வந்தது. "வாஷிங் மெசின் மோட்டர் போயிடுச்சுங்க" என்றாள் அவன் மனைவி ஹப்சா. "உறுப்பினரின் ஆர்வத்தை அரசு பாராட்டுகிறது" என்றான். "பாராட்டெல்லாம் வாணாம், மோட்டரப் போடுங்க" என்றாள் அவள். நிதிநிலைக்கு ஏற்ப பரிசீலிக்கப்படும் என்றான். இரண்டு நாள் அவன் சட்டையை அவனே துவைத்தான்.

இந்தச் சமயத்தில்தான் கல்வராயன் மலையிலிருந்து சின்னப்பொண்ணு வந்தாள். எட்டுப்புளி என்ற சின்ன ஊர்க்காரி, பலாப்பழமும் புளியும் கொண்டுவந்து விற்பவள், எங்கள் பழைய வாடிக்கை. அவள் மகள் தனுஷாதான் அந்த ஊரிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண். ஊருக்கு முதல் பஸ் கீழேயிருந்து ஏறி, திரும்பி இறங்கி வருவதற்குள் கல்லூரியில் இரண்டு வகுப்பு முடிந்துவிடுகிறது. விடுதியில் இடமில்லை. வருகை குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். கடைசி பஸ் ராத்திரி அந்த ஊரிலேயே தங்கி, விடிந்ததும் புறப்பட்டால் போதும்.

"எம்மெல்லே உன் கடைக்கு வராராமே பாயி. ஒரு வார்த்தை சொல்லு. இல்லைன்னா இந்தப் பரீட்சையோட புள்ளைய நிறுத்திட வேண்டியதுதான்" என்றாள். நிற்க வேண்டிய பிள்ளை பக்கத்தில்தான் இருந்தது. அது ஒரு டிபன் பாக்ஸைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

எம்.எல்.ஏ. உடனே கேள்வி எழுதிக் கொடுத்தார். அது பட்டியலிலும் ஏறிவிட்டது. ஒத்திகை சூடுபிடித்தது. தம்பி அதுவரை விளையாட்டாகச் செய்ததை இப்போது உயிரைக் கொடுத்துச் செய்தான். உண்மையான அமைச்சர் எப்படியெல்லாம் தட்டிக்கழிக்கக்கூடும் என்று இரவு பகலாக யோசித்தான். இட்லியைப் பிட்டுக் கையில் வைத்துக்கொண்டே, "அக்கா, குளிர்ல டீசல் எஞ்சின் ஸ்டார்ட் ஆவாதில்ல?" என்பான்.

"ஓட்டுநரும் நடத்துநரும் எங்கே உறங்குவார்கள்?" என்றான் அண்டாவிலிருந்து. எம்.எல்.ஏ. அதைத் தாளில் குறித்துக்கொண்டார். "அங்கே கரடி நடமாட்டம் உண்டு. நிறுத்தியிருக்கும் பேருந்துக்கு யார் பொறுப்பு?" எம்.எல்.ஏ.வுக்கு வேர்த்தது. கடைசியாக ஒன்று வைத்திருந்தான். "சரி, இடம் கொடுத்தாலும் சமவெளியில் வாழ்ந்த ஓட்டுநருக்கு மலைக்குளிரில் உறக்கம் வருமா? உறங்காத ஓட்டுநர் விடியற்காலையில் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் பயணிகளின் கதி என்ன?"

பேரவைத் தலைவர் தம்மை மறந்து கைதட்டிவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை சின்னப்பொண்ணு பார்க்க வந்தாள். மூலையில் நின்று கொஞ்சநேரம் கேட்டாள். பிறகு தட்டுச் சத்தத்தையும் மீறி நடுவில் வந்துவிட்டாள்.

"யோவ் பாயி, உன்னையப் பேசச் சொன்னா நீ இன்னா எங்க ஊருக்கு பஸ்ஸு வாணான்றே?"

"நான் சொல்லலம்மா. அமைச்சர் சொல்றாரு."

"எந்த அமைச்சரு? அண்டா மேல குந்திக்கினு நீதான சொல்றே!"

"பேரவைத் தலைவர் வாயிலாகப் பேசணும்" என்றார் ஷேக் பரீத்.

"உன் வாயி எனக்கு எதுக்குய்யா? எனக்கு இல்லையா வாயி?"

தம்பி அசையவில்லை. எல்லா மறுப்புக்கும் பதில் தயார் செய்துவிட்டால் உண்மையான அமைச்சர் ஒன்றும் சொல்ல முடியாது என்று அவளைச் சமாதானப்படுத்தினான். எம்.எல்.ஏ. ஒவ்வொரு மறுப்பையும், அதற்குச் சொல்லவேண்டிய பதிலையும் மனப்பாடம் செய்தார். என்ன நடந்தாலும் நன்றி சொல்லி உட்காருவதில்லை என்று தம்பியின் கையில் அடித்துச் சத்தியமும் செய்தார். தூக்கத்துக்கு மட்டும் கடைசிவரை பதில் கிடைக்கவில்லை.

அந்த நாள் வந்தது. கடை டிவி முன்னால் தெருவே கூடியிருந்தது. சின்னப்பொண்ணும் தனுஷாவும் முன்வரிசையில் இருந்தார்கள். எம்.எல்.ஏ. எழுந்து வினா எண்ணைச் சொன்னார். அமைச்சர் தாளைப் பார்த்து ஒரே வரியில் படித்தார்: "ஆம். அடுத்த மாதம் முதல் எட்டுப்புளிக்கு இரவுத் தங்கல் பேருந்து இயக்கப்படும்."

கடையில் எழுந்த சத்தத்தில் மேலே அடுக்கியிருந்த கிண்ணம் ஒன்று உருண்டு விழுந்தது. தனுஷா அம்மாவைக் கட்டிக்கொண்டது.

துணைக் கேள்வி உண்டா என்று கேட்டார் பேரவைத் தலைவர். நம் எம்.எல்.ஏ. எழுந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே தம்பிக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணே, வாணாண்ணே! நன்றி சொல்லிட்டு குந்துண்ணே!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினான்.

"பேரவைத் தலைவர் அவர்கள் வாயிலாக" என்று கணீரென்று தொடங்கினார் எம்.எல்.ஏ. "ஓட்டுநரும் நடத்துநரும் எங்கே உறங்குவார்கள் என்று மாண்புமிகு அமைச்சர் கேட்கக்கூடும். அங்கே கரடி உண்டு என்று சொல்லக்கூடும். குளிரில் எஞ்சின் கிளம்பாது என்றும் சொல்லக்கூடும்..." இவற்றுக்கெல்லாம் பதில்களை அவர் மனப்பாடம் செய்திருந்தார் அல்லவா, மகிழ்ச்சியில் அவை மறந்துவிட்டன. மறுப்புகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தூக்கத்தையும் கொண்டை ஊசி வளைவுகளையும் மிக அழகாகச் சொன்னார். தம்பியின் ஏற்ற இறக்கம் அப்படியே இருந்தது.

அமைச்சர் முகத்தில் மெல்லக் கவலை படர்ந்தது. "உறுப்பினர் கூறிய இடர்ப்பாடுகள் அரசின் கவனத்துக்கு இதுவரை வரவில்லை. அவை அனைத்தும் நேரில் ஆய்வு செய்யப்பட்ட பிறகே பேருந்து குறித்து முடிவெடுக்கப்படும்" என்றார்.

எம்.எல்.ஏ. சென்னையிலிருந்து நேராகக் கடைக்கு மாலையோடு வந்தார். "ஒரு கேள்விக்கும் அமைச்சரால பதில் சொல்ல முடியல பாய்!" என்று அதைத் தம்பியின் கழுத்தில் போட்டார். தம்பி மாலையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். அன்று ஒருவன் ஓட்டைச் சொம்பு ஒன்றைக் கொண்டுவந்து மாற்றிக் கேட்டதற்கு, "எனக்குத் தெரியலப்பா" என்று மட்டும் சொன்னான். அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஆய்வுக்கு வந்தவர் அய்யப்பன் என்ற போக்குவரத்து அதிகாரி. கண்ணாடியும் கறாருமான மனிதர். தம்பி போகாமல் இருக்கமாட்டான், தனியாகப் போனால் புதிதாக ஏதாவது மறுப்புச் சொல்லிவிடுவானோ என்று நானும் கூடப் போனேன். எட்டுப்புளியில் சின்னப்பொண்ணு தன் வீட்டின் முன்னறையை ஓட்டுநருக்கென்று கழுவி, புதுப்பாய் விரித்து வைத்திருந்தாள். அதிகாரி, சட்டமன்றத்தில் எம்.எல்.ஏ. பேசியதன் நகலைப் பிரித்து வரிசையாகப் படித்தார். ஒவ்வொன்றையும் படிக்கும்போது தம்பியின் தலை தானாக ஆடியது.

"இன்னா ஆட்றே? உன் சரக்குதான?" என்றாள் சின்னப்பொண்ணு மெதுவாக.

"நல்ல பாயின்ட்டுதான் சின்னப்பொண்ணு" என்றான் அவன், அதைவிட மெதுவாக.

எஞ்சினுக்கு, மரவள்ளி ஏற்றும் லாரி அங்கே தினமும் விடியலில் கிளம்புவதை ஊர்க்காரர்கள் சொன்னார்கள். கரடிக்குச் சின்னப்பொண்ணு பதில் சொன்னாள். "அது பலாப்பழத்துக்கு வரும் சார். பஸ்ஸைத் தின்னாது." அதிகாரி யோசித்து, 'தின்பதில்லை' என்று எழுதிக்கொண்டார். உறங்குமிடம் என்ற வரியில் முன்னறையைப் பார்த்து டிக் அடித்தார். பிறகு பேனா நின்றது.

"சமவெளி ஆளுக்கு இங்க தூக்கம் வருமா? இதுக்கு இன்னா ஆதாரம்?"

"நாங்கல்லாம் தூங்கறமே சார்" என்றது தனுஷா.

"நீங்க மலைக்காரங்கம்மா. அது கணக்குல வராது."

வெளியே மேகம் இறங்கி, நண்பகலிலேயே உடம்பு சில்லிட்டது. தனுஷா என் தம்பியைப் பார்த்தது. அவன் தொண்டையைச் செருமினான். இன்னொரு பாயின்ட்டுதான் வரப்போகிறது என்று நான் பயந்தேன்.

"நான் கள்ளக்குறிச்சிங்க" என்றான். "சமவெளி."

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு அந்தப் பாயில் போய் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவைத் தாளின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நாங்களும் அறையைச் சுற்றி மூச்சு விடாமல் நின்றோம். ஒரு கோழி உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

சற்றுநேரத்தில் குறட்டை எழுந்தது. முதலில் சின்னதாக, பிறகு ஒழுங்காக. என் தம்பி பிறந்த நாளிலிருந்து குறட்டை விட்டவன் இல்லை. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை.

அதிகாரி குனிந்து அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். நிமிர்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தாளைத் திருப்பினார். அந்த நேரத்தில் ஜுனைத் ஒரு கண்ணை மட்டும் நூலளவு திறந்து, பேனா நகர்கிறதா என்று பார்த்தான். அது நகர்ந்துகொண்டிருந்தது. கண்ணை மூடி, புரண்டு படுத்து, குறட்டையை இன்னும் கொஞ்சம் உரக்க விட்டான்.