நின்ற காரின் இரைச்சல்

சித்தப்பா காணாமற்போன மூன்றாம் வாரம் அவருடைய கார் மட்டும் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

கொச்சிக்கடையில், துறைமுகத்துச் சாமான்களை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கந்தோரில் அவர் வேலை பார்த்தார். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்து வெள்ளவத்தைக்குப் புறப்பட்டவர் வந்து சேரவில்லை. மறுநாள் காலை, பம்பலப்பிட்டியில் ரயில் பாதையை ஒட்டிய ஓர் ஒழுங்கையில் கார் நின்றது. கதவுகள் ஒழுங்காகச் சாத்தியிருந்தன. எஞ்சினைக் கிளப்பும் திறப்பு அதன் துளையிலேயே தொங்கியது. யுத்த வருஷங்கள் அவை. இப்படிப் போனவர்களைப் பற்றிப் பெரியவர்கள் வானொலிச் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுத்தான் கதைப்பார்கள்.

எனக்குப் பத்து வயது. சித்தப்பா வேலையாகக் கண்டிக்குப் போயிருக்கிறார் என்று சொல்லியிருந்தார்கள். காரை விட்டுவிட்டு ஏன் போனார் என்று கேட்டேன். ரயிலில் போனார் என்றார் அம்மா. எனக்கு அது போதுமாக இருந்தது.

பொலிஸ் எடுத்துப்போய் வைத்திருந்த கார் முற்றத்துக்கு வந்த பிறகுதான் வீடு ஒரு மாதிரி ஆனது. சித்தி அம்மாவின் தங்கை. கலியாணமான நாளிலிருந்து எங்களோடுதான் இருந்தார். சித்தப்பா வழக்கமாக வந்து சேரும் ஐந்தரை மணிக்கு அவர் எழுந்து போய்க் கேற்றை அகலத் திறப்பார். கார் ஏற்கெனவே உள்ளேதான் நிற்கும். திறந்த கேற்றையும் காரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யாரோ உள்ளே வந்து முடித்ததுபோல மெதுவாகச் சாத்துவார். நாலைந்து நாள் இதைப் பார்த்த அம்மா, காரை விற்றுவிட வேண்டும் என்று முடிவெடுத்தார்.

பொரளையில் மருந்துக்கடை வைத்திருந்த ஒருவர் வாங்க விரும்பினார். பழைய ஜப்பான் கார் என்றாலும் உள்ளே ஒரு கம்பியூட்டர் உண்டாம். அதைச் சோதித்துக் காட்டினால்தான் எடுப்பேன் என்றார். அம்மா கொட்டாஞ்சேனைக் கராஜ் ஒன்றிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டார். ஹட்டன் பக்கத்து ஆள். என்னைப் ‘பாப்பா’ என்றும் சித்தியை ‘அக்கா’ என்றும் அழைத்தார்.

பொனற்றைத் திறந்து, ஒரு சின்னக் கறுப்புப் பெட்டிக்குள் இருந்த இரண்டு துளைகளை ஒரு துண்டு வயரால் இணைத்தார். என்னை உள்ளே ஏறி இருந்து, வேகமுள்ளுக்குப் பக்கத்தில் இருக்கும் மஞ்சள் விளக்கு எத்தனை தரம் சிமிட்டுகிறது என்று எண்ணச் சொன்னார். சித்தப்பா கட்டையான மனிதர். நெஞ்சு ஸ்ரியறிங்கில் முட்டுமளவுக்கு சீற்றை முன்னுக்கு இழுத்துவைத்துத்தான் ஓட்டுவார். இப்போது அது கடைசிவரை பின்னுக்குத் தள்ளிக் கிடந்தது. இழுக்கக் கைவைத்தேன். பக்கத்தில் நின்ற சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அது இருக்கட்டும், பிள்ளை. நீ விளக்கைப் பார்.”

விளக்கு நாலு தரம் சிமிட்டியது. நின்றது. பிறகு இரண்டு தரம். நீண்ட இடைவெளி விட்டு, மறுபடி நாலு, மறுபடி இரண்டு. யாரோ உள்ளேயிருந்து கண்ணைக் காட்டுவதுபோல இருந்தது. நான் உரக்க எண்ணினேன். மெக்கானிக் தன் மடித்த தாளை விரித்துப் பார்த்தார். இன்னொரு முறை எண்ணச் சொன்னார். நாலும் இரண்டும், அதே நாற்பத்திரண்டுதான்.

அவருடைய தாளின்படி அந்த இலக்கத்துக்கு, வேகத்தை அளக்கிற கருவியில் பிழை என்று அர்த்தமாம். ஆனால் ஒழுங்கை முனைவரை ஓட்டிப் பார்த்தபோது வேகமுள் சரியாகத்தான் ஏறி இறங்கியது. திரும்பி வந்தவர் தலையைச் சொறிந்தார்.

“கருவி நல்லாத்தாங்க இருக்கு. வண்டிய நிப்பாட்டி வச்சுக்கிட்டு எஞ்சினை மட்டும் நல்லா ரேஸ் பண்ணினாலும் இந்த நம்பர் விழும். எஞ்சின் ஓடுது, சக்கரம் ஓடலையேன்னு கம்பியூட்டரு குழம்பி இத எழுதி வச்சிக்கும். பற்றரியவோ ஃபியூசவோ கழட்டாத வரைக்கும் அழியாது.”

“அவர் ரேஸ் பண்ணமாட்டார்” என்றார் சித்தி. அது உண்மை. முட்டைக் கூடையை ஏற்றிப் போகிறவர்போலத்தான் சித்தப்பா கார் ஓட்டுவார்.

பிறகு சித்தி, எவ்வளவு நேரம் அப்படி ரேஸ் பண்ணினார்கள் என்று அதில் தெரியுமா என்று கேட்டார். அது தெரியாது என்றார் மெக்கானிக். அவர் சித்தியின் முகத்தைப் பார்க்கவில்லை.

சித்தி பின்சீற்றில் ஏறினார். நாலு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு எஞ்சினை ரேஸ் பண்ணச் சொன்னார். என்னைக் கேற்றடியில் போய் நிற்கச் சொன்னார். மெக்கானிக் தயங்கினார். “செய்யுங்கோ, தம்பி” என்றார் சித்தி.

அவர் முன்சீற்றில் ஏறி எஞ்சினை முறுக்கினார். முற்றம் முழுவதும் இரைந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று சாத்தப்பட்டது. தேத்தண்ணீரோடு வெளியே வந்த அம்மா வாசலில் அப்படியே நின்றுவிட்டார். பின்கண்ணாடிக்குள் சித்தியின் வாய் அகலத் திறப்பதையும், கழுத்து நரம்புகள் புடைப்பதையும் கண்டேன். உள்ளங்கையால் கண்ணாடியில் அடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

இரைச்சல் ஓய்ந்ததும் இறங்கி வந்து என் முன்னால் குந்தினார். தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது.

“உன்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டனான். கேட்டதோ?”

“ஒண்டும் கேக்கேல்லை, சித்தி” என்றேன் பெருமையோடு. சோதனையில் தேறிவிட்ட நினைப்பு எனக்கு.

சித்தி எழுந்து அம்மாவைப் பார்த்தார். “அப்ப அந்தப் பம்பலப்பிட்டி ஒழுங்கைச் சனம் பொய் சொல்லேல்லை, அக்கா. கார் இரைஞ்ச சத்தம் மட்டும்தான் கேட்டதெண்டவை. நான் அதுகளைத் திட்டிப்போட்டு வந்தனான்.”

அம்மா தேத்தண்ணீர்த் தட்டை வாசற்படியில் வைத்தார்.

சித்தியே அந்த நாற்பத்திரண்டை அழித்துவிடச் சொன்னார். மெக்கானிக் ஒரு சின்ன ஃபியூசைக் கழற்றிச் சற்றுநேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார். திரும்பப் போட்டதும் விளக்கு இடைவெளியே இல்லாமல் ஒரே சீராகச் சிமிட்டியது. இனிக் குறை ஒன்றும் இல்லை என்பதற்கு அதுதான் அடையாளமாம்.

ஞாயிற்றுக்கிழமை பொரளைக்காரர் வந்தார். காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கதவைத் திறந்து திறந்து சாத்தினார். ஆள் மனம் மாறிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. சித்தியும் அம்மாவும் வாசலிலேயே நிற்க, நானே முன்னுக்குப் போய் எனக்குத் தெரிந்த நல்ல விஷயத்தைச் சொன்னேன்: “இந்தக் காருக்குள்ளை இருந்து எவ்வளவு கத்தினாலும் வெளியிலை கேக்காது, அங்கிள். நாங்கள் செய்து பாத்தனாங்கள்.”

அவர் சிரித்துவிட்டு, திறப்பைக் கேட்டுக் கையை நீட்டினார். அம்மா கொடுத்தார். சித்தி வீட்டுக்குள் போனார்.

கார் ஒழுங்கை திரும்பும்வரை கையசைத்துவிட்டு வந்தேன். யாராவது என்னைக் கெட்டிக்காரி என்பார்கள் என்று எதிர்பார்த்தேன். இல்லையென்றால், பெரியவர்கள் கதைக்குள் வாய் வைத்ததற்கு ஏச்சாவது விழும் என்று நினைத்தேன். அன்று முழுவதும் ஒருவரும் என்னோடு ஒரு சொல்லும் பேசவில்லை. ஏனென்று எனக்கு விளங்கவில்லை.