சித்தி முகத்தின் மேல் ஒரு லேயர்

ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் என் மாமா ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். பள்ளி விட்டதும் நான் அங்கேதான் போவேன். அந்தத் தெருவில் கம்ப்யூட்டர் இருந்த கடைகள் குறைவு; அதன் எதிரில் உட்கார உரிமை பெற்ற பத்து வயதுப் பெண் நான் ஒருத்திதான்.

படங்களை வெளுக்கவும் கருக்கவும் செய்வதில் மாமா கெட்டிக்காரர். கம்ப்யூட்டரில் படத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு லேயரை, மெல்லிய தாள் மாதிரி, போடுவார். அதில் வெள்ளைத் தூரிகை பட்ட இடம் வெளிச்சமாகும். கறுப்புத் தூரிகை பட்ட இடம் இருளும். அடியில் இருக்கிற அசல் படத்துக்கு ஒன்றும் ஆகாது.

"உங்க தாத்தா ஹெல்மெட்ல லைட்டு கட்டிக்கினு கேஜ்ல சொரங்கத்துக்குள்ள எறங்குனாரு. நான் மவுஸ்லயே லைட்டு அடிக்கிறேன்" என்பார்.

அவர் அதிகம் லைட்டு அடித்தது என் சித்தியின் முகத்தில்தான். சித்தி அவருக்குத் தங்கை, அம்மாவுக்கும் தங்கை. காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வருவாள். நல்ல கறுப்பு. மாமா வெளுத்துக் கொடுத்த படத்தைப் பார்த்து இரண்டு வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். காப்பி குடித்தார்கள். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. மாமா அதற்கு வேறு காரணம் கண்டுபிடித்தார்: வெளிச்சம் போதவில்லை.

மூன்றாவதாக பங்காருபேட்டையில் ஒரு வரன் வந்தது. சித்தியின் கன்னம், நெற்றி, மூக்குத்தண்டு எல்லாவற்றிலும் மாமா வெள்ளைத் தூரிகையை ஓட்டினார். எடுப்பாகத் தெரியட்டும் என்று பின்னால் இருந்த திரையையும் கூந்தலையும் கருக்கினார். அதற்குள் சர்ச்சில் ஞானஸ்நானப் படம் எடுக்க அவரைக் கூப்பிட்டார்கள்.

"பிரிண்டு குடுத்து, கவர்ல போட்டு சித்தியாண்ட குடுத்துடு. இன்னைக்கே போஸ்ட் பண்ணணும்" என்று கேமராவோடு கிளம்பினார்.

லேயரின் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் இருக்கும். அதை அமுக்கினால் லேயர் மறையும். மறுபடி அமுக்கினால் வரும். நான் அமுக்கி அமுக்கி விளையாடினேன். சித்தி கறுத்தாள், வெளுத்தாள், கறுத்தாள். அந்த மும்முரத்தில் பிரிண்ட் கொடுத்துவிட்டேன். மெஷினிலிருந்து வெளியே வந்தது கறுத்த சித்தி. படத்தாள் அந்த ஒன்றுதான் மீதி இருந்தது. மாமாவுக்குத் தெரியாமலிருக்க லேயரின் கண்ணை மறுபடி அமுக்கி வைத்துவிட்டு, படத்தைக் கவரில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அன்று சித்திக்கு விடுமுறை. கவரைப் பிரித்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"யாரு பிரிண்டு போட்டது?"

"நான்தான் சித்தி. தெரியாம…"

"அண்ணன் பாத்தாரா?"

"இல்ல."

படத்தை உள்ளே வைத்துப் பசை தடவி ஒட்டினாள்.

"யாருகிட்டயும் மூச்சு விடாத, இன்னா?" என்று சொல்லி, தானே தபால் பெட்டி வரை போய்ப் போட்டுவிட்டு வந்தாள். அடி விழாமல் என்னைக் காப்பாற்றுகிறாள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பதில் வராது என்றுதான் நான் நினைத்தேன். இரண்டு வாரத்தில் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சித்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "போட்டோவுல எப்டி கீதோ அப்டியே கீது பொண்ணு" என்றார். தன் கைவேலைக்குக் கிடைத்த பாராட்டு என்று மாமா எடுத்துக்கொண்டு, வேட்டியைச் சரி செய்துகொண்டார். அந்த இடமே முடிந்தது. லேயர் போட்டுத் தங்கையைக் கரையேற்றிய கதையை அவர் இன்றும் சொல்கிறார். நானும் சித்தியும் மறுத்ததில்லை.

அன்று மாப்பிள்ளை வீட்டார் போன பிறகு சித்தி சமையலறையில் என்னை இழுத்து அணைத்து, மீந்த மைசூர்பாக்கை எல்லாம் என் கையில் வைத்தாள். ரகசியத்தைக் காத்ததற்கு என்று நினைத்து ஒன்று விடாமல் தின்றேன். முன்பு இரண்டு முறை, வந்தவர்கள் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபோது, காப்பித் தட்டோடு அவள் எப்படி நின்றிருப்பாள் என்று யோசிக்க எனக்கு இன்னும் பல வருடங்கள் வேண்டியிருந்தன.