அண்ணியின் அனுமதிப் பட்டியல்

என் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் இரண்டோடு நிறுத்திக்கொள்வேன்: தப்பு செய்யமாட்டாள். அலுவலகத்தில் அவளுக்கு நான் வைத்த பெயர் பூட்டு. அது அவள் காதுக்கும் எட்டிவிட்டது. ஒரே வீடு, ஒரே பேருந்து, ஒரே அலுவலகம். தேவைக்கு மேல் பேச்சு கிடையாது.

பல் கிளினிக்குகளின் எக்ஸ்ரே படங்கள் இருக்கும் கிளவுட் சேமிப்பகம் அவள் பொறுப்பு. எந்தெந்த இணையப் பக்கத்தின் விலாசத்திலிருந்து வந்தால் படத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. பட்டியலில் இல்லாத விலாசம் என்றால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். ஒரே ஒரு நட்சத்திரக் குறி போட்டால் எல்லோரையும் உள்ளே விடும். அவசரக்காரர்கள் அதைத்தான் போடுவார்கள். அண்ணி ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூடப் போட்டதில்லை. யார் கேட்டாலும் விலாசத்தை எழுதிக் கொடுக்கச் சொல்வாள், எழுதியதை மட்டும் சேர்ப்பாள். அந்த அழுத்தத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கிளினிக்குகள் அந்தச் சேமிப்பகத்துக்குப் படம் ஏற்றும் இணையப் பக்கத்தை எழுதியது நான். மேலாளர் அதைப் பார்த்துச் சரி என்றால்தான் என் வேலை நிரந்தரம். செவ்வாய்க்கிழமை காலை அவர் முன்னால் ஒரு எக்ஸ்ரேயை ஏற்றினேன். ஏறவில்லை. மறுபடி அழுத்தினேன், அனுமதி இல்லை என்று சிவப்பில் வந்தது. வீட்டுச் சண்டையை இங்கே கொண்டுவந்து என் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாள் என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

அண்ணி பட்டியலைத் திறந்து மேலாளரிடம் காட்டினாள். முன்பு நான் எழுதிக் கொடுத்த விலாசம் அப்படியே இருந்தது. முந்தைய நாள் மதியம் பக்கத்தைப் புது விலாசத்துக்கு மாற்றியவள் நான்தான். அதை எழுதிக் கொடுக்க அவளிடம் போய் நிற்கப் பிடிக்காமல் தள்ளிப்போட்டேன், பிறகு மறந்தே போனேன். என் வேலை நிரந்தரமாகாது என்று மாலைக்குள் கடிதம் வந்துவிட்டது.

திரும்பும் பேருந்தில், புது விலாசம் பற்றி அவளுக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"நேத்து சாயங்காலமே தெரியும். நீ புது லிங்க் அனுப்பின கிளினிக்ல இருந்து நாலு தடவ ஏத்திப் பாத்திருக்காங்க. நாலும் திரும்பிப் போயிருக்கு. பதிவுல பாத்தேன்."

"அப்புறம் வீட்டுக்கு வந்து என் பக்கத்துலதான உக்காந்து சாப்பிட்டீங்க. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அண்ணி."

அவள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி என்னை நேராகப் பார்த்தாள்.

"சொல்லியிருக்கலாம். மனசு வரல."