ஜல்லி இல்லாத காங்கிரீட்

பிள்ளைகளே, கலவை லாரி சைட்டுக்குள் நுழையும்போதே டிரம் சுற்றுகிற சத்தத்தை வைத்து உள்ளே இருப்பதை ஓரளவு சொல்லிவிடுவேன். ஜல்லிக் கற்கள் இரும்பில் மோதிக் கடகடவென்று உருளும். இங்கே சுவா சூ காங் வட்டாரத்தில் ஒரு வீட்டுக் கட்டடத்துக்கு நான் போர்மேனாக இருந்தபோது வந்த ஒரு லாரியில் அந்தச் சத்தமே இல்லை. சேற்றைக் கிண்டுவதுபோல் சளசளத்தது.

கையைக் காட்டி நிறுத்தினேன்.

"என்னண்ணே, டிரம்ல காதை வச்சுப் பாட்டா கேக்குறீங்க?" என்றார் டிரைவர்.

"கல்லைக் காணோமே தம்பி. வழியில எங்கயாவது எறக்கிட்டியா?"

"ஆமா, எங்க வீட்டு ஹால்ல கொட்டி வச்சிருக்கேன். சீக்கிரம் விடுங்கண்ணே. இறுகிப்போனா டிரம்முக்குள்ள எறங்கி உடைக்கிறது நான்தான் லா."

தூண்களுக்குப் போகவேண்டிய கலவை அது. அந்தத் தூண்களை நம்பித்தான் என் ஆட்கள் அடுத்த மாடிக்கு ஏறவேண்டும். எல்லாரும் ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். இந்தக் கட்டடத்தில் செலவு குறையும் என்று முதலாளி ஏற்கெனவே சொல்லியிருந்தார். அப்படி யாராவது சொன்னால், எதைக் குறைத்தார்கள் என்றுதான் என் புத்தி முதலில் போகும்.

எஞ்சினியர் வந்தார். யாழ்ப்பாணப் பூர்வீகம், இங்கேயே சிராங்கூன் பக்கம் பிறந்து வளர்ந்த பெண்.

"அண்ணே, இது மணல் காங்கிரீட். கல்லே போட மாட்டாங்க. ஆனா ரொம்ப ஸ்ட்ராங்."

"மணல் மட்டும் மலிவா மேடம்? அதுவும் கப்பல்லதானே வருது?"

"இது இங்கயே ரயிலுக்குச் சுரங்கப்பாதை தோண்டுனப்ப வந்த மண்ணு. கழுவிச் சலிச்சு எடுத்த மணல். சிமெண்டு அதிகமாத்தான் போகும். ஆனா தூண் மெலிசாயிடும். ஒவ்வொரு மாடியிலயும் இடம் மிஞ்சும். லாபம் அங்கதான்ணே."

மெலிசு என்ற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை. கலவையை ஊற்ற விட்டேன். ஆனால் அதே கலவையில் வார்த்த சோதனைக் கட்டியை உடைத்துப் பார்க்கும்வரை என் ஆட்கள் மேலே ஏறமாட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். முதலாளி போனில் கத்தினார். "நீ என்ன எஞ்சினியரா? வேற போர்மேன் பாக்கவா?" இருந்தாலும் பேச்சை மாற்றவில்லை.

கட்டி நன்றாக இறுகியதும் சோதனைக்கூடத்துக்கு நானும் போனேன். இயந்திரம் அமுக்கிக்கொண்டே போனது, கட்டி அசையவில்லை. இயந்திரம் பழுதோ என்று தோன்றியது. கடைசியில் வெடி போட்டதுபோல் உடைந்தது. அப்போதும் மனம் ஆறாமல், கல் போட்ட கட்டி ஒன்றையும் வைத்து அமுக்கச் சொன்னேன். எஞ்சினியர் தலையில் அடித்துக்கொண்டே வைக்கச் சொன்னார். அது சீக்கிரமே நொறுங்கிவிட்டது.

"இப்ப நம்புறீங்களா அண்ணே?"

"தூணை நம்புறேன் மேடம். இவ்வளவு மிச்சமாகுதே, வீட்டு விலை குறையுமா?"

அவர் சிரித்துவிட்டார். "அதை அமுக்கிப் பாக்குற மெஷின் நம்மகிட்ட இல்லண்ணே."

அன்றைக்கு மத்தியானமே நான் முன்னால் ஏற, ஆட்கள் பின்னால் ஏறினார்கள். நாளைக்கு நீங்கள் வீடு வாங்கப் போகும்போது, தூண் மெலிசாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். விலை ஏன் குறையவில்லை என்று மட்டும் வாய் திறந்து கேளுங்கள்.