இறங்கும் வரைக்கும்

மலையேறுவது என்றாலே எனக்கு ஆகாது. அதிலும் சீனாவில், அந்தக் குளிரில். புது மெஷினைப் பழகிவரச் சொல்லி கம்பெனி என்னை அங்கே அனுப்பியிருந்தது. கூட வேலை பார்த்த சீன நண்பன், மலை உச்சியில் பழைய தாவோ மதக் கோயில் இருக்கிறது, கேட்டது நடக்கும் என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கிளம்பினேன். ஊரில் அப்பா பக்கவாதம் வந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். பயிற்சி முடியாமல் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வேறு என்னதான் செய்வது?

முந்தின நாள் வீடியோ போனில் அப்பாவிடம் சொன்னேன். கோணிய வாயோடு சிரித்தார்.

"சைனா சாமியா? தமிழ்லயே பேசு. புரியலன்னா அது தலையெழுத்து."

அவருடைய நக்கலுக்கு மட்டும் பக்கவாதம் வரவில்லை.

பாதி வழியில் மூச்சு வாங்கிப் படியில் உட்கார்ந்தேன். தங்கையை வீடியோவில் கூப்பிட்டு, அப்பாவைக் காட்டு என்றேன்.

"தூங்கிகினு கீறாருண்ணா. நீ போய் கும்புட்டு வா."

அவள் தன் முகத்தைக்கூடக் காட்டவில்லை. திரையில் மின்விசிறி மட்டும் சுற்றியது. பின்னாலிருந்து அம்மா, "பாத்து ஏறு. எறங்கனதும் போன் பண்ணு" என்றாள்.

உச்சியில் பாறையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வரிசையாகச் சன்னதிகள். ஓடுகளில் பனி. பழக்கதோஷத்தில் வாசலிலேயே ஷூவைக் கழற்றினேன். அங்கே யாரும் கழற்றுவதில்லை. கல் உள்ளங்காலைக் கடித்தது. நண்பன் பதறிப்போய் மாட்டிக்கொள்ளச் சொன்னான். அப்பாவுக்காகக் கேட்க வந்துவிட்டு ஷூவோடு நிற்பதா? கொண்டை போட்ட பூசாரி என் காலைப் பார்த்துவிட்டு மணியைத் தட்டினார். ஊதுபத்தியை நெற்றிக்கு நேரே பிடித்துக்கொண்டு தமிழிலேயே கேட்டேன், எங்கப்பா எழுந்து உட்காரணும் என்று.

மனசு லேசாகிவிட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

கீழே வந்து போன் செய்தபோதுதான் சொன்னார்கள். அப்பா காலையிலேயே போய்விட்டார். நான் படியில் உட்கார்ந்து பேசியபோதே அவரை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். திரையில் பார்த்தது எங்கள் பின்னறை விசிறி. அதன் கீழேயே தூங்கி வளர்ந்த எனக்கு அது தெரியாமல் போயிற்று.

இப்போது லீவு உடனே கிடைத்தது. மறுநாள் எங்கள் ஊரான சிங்கப்பெருமாள் கோயிலுக்கு வந்து சேர்ந்து, ஐஸ் பெட்டியில் எனக்காகக் காத்திருந்தவருக்குக் கொள்ளி வைத்தேன். அம்மாவிடம் மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

காரியத்தன்று பெரியப்பா எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஒரு வருசத்துக்கு மலக்கோயில் ஏறக்கூடாதுப்பா. நம்ம கழுக்குன்றம்கூட வாணாம்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சொந்தக்காரர்கள் கிளம்பியதும் கேட்டேவிட்டேன்.

"தீட்டோட என்ன மல ஏத்தி வுட்டியே. செத்தவருக்கு உசுரு கேட்டுகினு நின்னம்மா நானு. அப்பவே சொல்லியிருந்தா எறங்கி வந்திருப்பேன்ல?"

அம்மா அழவில்லை.

"இங்க எல்லாரும் அழுதுகினு இருந்தாங்க. நீ ஒருத்தன்தான் அவுரு பொழச்சிப்பாருன்னு ஏறிகினு இருந்த. நீ எறங்கற வரிக்குமாவது அவுரு இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."