பெயர் சொல்லாதவரின் ஒரு நிமிடம்

பேராதனையில் வரலாறு படிப்பிக்கும் ஒரு விரிவுரையாளர் போன வருடம் எனக்கு ஒரு வேலை தந்தார். யுத்தக் காலத்து வானொலி ஒலிப்பதிவுகள் ஒரு பெட்டி நிறைய அவரிடம் இருந்தன. கசட்டுகளில் கிடந்ததை யாரோ கணினிக்கு மாற்றிக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றையும் நான் கேட்டு, பேசுகிறவர் யார், எங்கிருந்து, என்ன சொல்கிறார் என்று எழுத வேண்டும். நான் கம்பளையில் வீட்டிலிருந்தே தமிழ் தட்டச்சும் மொழிபெயர்ப்பும் செய்கிறவள். இந்த வேலைக்காக வாரம் நான்கு நாள் காலை ரயிலில் பேராதனைக்குப் போய்வரத் தொடங்கினேன்.

"அழுகை வந்தா நிப்பாட்டிப் போட்டு வெளியில போயிட்டு வாங்கோ," என்றார் விரிவுரையாளர் முதல் நாளே. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். "நானும் அப்பிடித்தான் செய்யிறனான்."

எனக்கு அழுகை வரவில்லை, தலைதான் சுற்றியது. எந்தப் பதிவு முந்தியது, எது பிந்தியது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. ஒரு பதிவில் ஒரு பாலம் உடைந்து போயிருந்தது. அடுத்ததில் அதே பாலத்தின் மேல் பஸ் ஓடியது. ஒரு செய்தியில் ஊர் அமைதியாக இருந்தது. அதே குரல் இன்னொரு செய்தியில் அந்த ஊரிலிருந்து ஓடிவந்த குடும்பங்களை எண்ணிக்கொண்டிருந்தது. இதெல்லாம் நடந்த நாட்டில்தான் நானும் வளர்ந்தேன். ஆனாலும் எதுவுமே எனக்கு முன்பே தெரிந்ததாக இல்லை.

மூன்றாவது வாரம் ஒரு நிகழ்ச்சியின் பதிவுகள் வந்தன. வடக்குக்கான பாதைகள் மூடப்பட்டிருந்த காலத்தில் ஒலிப்பதிவுக் கருவியோடு யாரோ அங்குள்ள அகதி முகாம்களுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே மாட்டிக்கொண்டவர்கள் தங்கள் வீட்டாருக்கு ஆளுக்கு ஒரு நிமிடம் பேசலாம். பெரும்பாலும் எல்லோரும் பெயர், ஊர், அப்பா பெயர் சொல்லித் தொடங்கினார்கள். பிறகு 'சுகமாக இருக்கிறோம்' என்றார்கள். அந்தப் பொய்யை எத்தனை விதமாகச் சொல்லலாமோ அத்தனை விதத்திலும் கேட்டேன்.

"அடுத்து, பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்," என்றார் அறிவிப்பாளர்.

ஓர் ஆண் குரல் இருமியது. "நாவலப்பிட்டிப் பக்கம் இருக்கிற அம்மாவுக்கு. நான் சொகமா இருக்கேன், யோசிக்காதீங்க, வெளங்குதா? மழைக்கு முந்தி பின்பக்கக் கூரைக்குத் தகரம் போட்டுருங்க. தங்கச்சிய பென்சில் கட்டையக் கடிக்க வேணான்னு சொல்லுங்க, வெளங்குதா? சின்னவனுக்குத் தண்ணிய கொதிக்க வச்சுத்தான் குடுக்கணும். சூடா குடுக்காதீங்க, ஆற வச்சு..."

அங்கே நிமிடம் முடிந்தது.

நான் வாயிலிருந்து பேனாவை எடுத்தேன். அதன் மூடி முழுக்கப் பல் தடம்.

அது என் அண்ணனின் குரல். ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் 'வெளங்குதா' என்று கேட்கிறவர் எங்கள் குடும்பத்தில் அவர் ஒருவர்தான். ஆனால் அண்ணன் யுத்தக் காலத்தில் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்தார். எனக்கு அப்போது பதினொரு வயது. அப்பா முன்பே இறந்துவிட்டார். தேயிலைக் கொழுந்து பறித்து வந்த அம்மாவும் நானும் மட்டும் நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்தோம். அண்ணனிடமிருந்து கடிதம் வரும். அவர் முகாமில் இருந்தார் என்று யாரும் சொன்னதில்லை. அதைவிட, எங்கள் வீட்டில் 'சின்னவன்' என்று யாருமே இல்லை.

பதிவை எட்டு முறை கேட்டேன். ஐந்தாம் முறை அது அண்ணன் இல்லை என்று பட்டது. ஆறாம் முறை அவரேதான். யாரிடமும் கேட்காமல் அதை என் கைபேசியில் பதிந்துகொண்டேன்.

அண்ணன் இப்போது நாவலப்பிட்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் குடையும் பையும் விற்கிறார். மறுநாளே போனேன். கடையில் ஆள் இல்லாத நேரம். இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு அவர் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிந்ததும் திரும்பவும் போடச் சொன்னார். மூன்றாம் முறையும் கேட்டார்.

"யாரு இது?"

"நீங்கதானே அண்ணே?"

"நானா? நான் ஏன் ரேடியோல பேசுறேன்?"

"பென்சில் கடிக்கிறது?"

"எந்தப் புள்ளதான் பென்சில் கடிக்கல?"

"கூரைத் தகரம்?"

"எந்த லயந்தான் ஒழுகல? ஒரே மாதிரி கொரல் ஆயிரம் பேருக்கு இருக்கும், வெளங்குதா?"

சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் நின்றார். பிறகு மழைக்கோட்டு கேட்டு ஒருவர் உள்ளே வந்தார். அண்ணன் அவரிடம் திரும்பினார், அதற்கு மேல் என்னைப் பார்க்கவில்லை.

ரயிலில் திரும்பும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. ஊர்பேர் தெரியாத ஒரு மனிதரின் ஒரே நிமிடத்தை எடுத்து என் அண்ணனுடையது என்று நானே முடிவு செய்திருக்கிறேன். அதே நேரம், சம்பந்தமில்லாத ஒருவர் அதை ஏன் மூன்று முறை கேட்க வேண்டும்?

பத்து நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் கம்பளைக்கு வந்தார். அவர் முன்னறிவிப்பில்லாமல் வருகிறவர் அல்ல. கதிரையில் உட்கார்ந்து, தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் பேசினார்.

"நான் அங்க இருந்தேன். ஆனா அது என் கொரல் இல்ல."

கடைச் சரக்கோடு லொறியில் வடக்கே வவுனியா வரை போயிருக்கிறார். நான்கு நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்தாராம். அதற்குள் அம்மாவின் கடிதம் வந்தால் பதில் போட்டுவிடு என்று கடைச் சிநேகிதன் ஒருவனிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பாதை மூடிவிட்டது. நான்கு நாள், முகாமில் ஆறு மாதமானது. எங்களுக்கு வந்த கடிதங்களை அந்தச் சிநேகிதன் எழுதியிருக்கிறான்.

"ரேடியோக்காரங்க வந்தாங்க. எனக்கு ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனா பயம். வடக்குல இருந்தவன்னு தெரிஞ்சா, திரும்பி வந்தப்பொறம் ஒவ்வொரு செக்பொயிண்ட்டுலயும் எறக்கிருவானுங்க. பேரு சொல்லாட்டியும் கொரல வச்சுக் கண்டுபிடிப்பாங்கன்னு நெனச்சேன். எனக்குப் பத்தொம்பது வயசு, வேற என்னா தெரியும்?"

"அப்ப பேசினது யாரு?"

"பக்கத்துப் பாயில படுத்திருந்தவரு. நம்ம ஆளுதான். மலநாட்டுலருந்து முந்தியே குடும்பத்தோட அந்தப் பக்கம் போய்க் குடியேறினவரு. அவரு வீட்டுல யாரும் மிஞ்சல. 'ஒனக்குப் பயம்னா ஒன் வீட்ட எனக்குக் குடு, ஒரு நிமிசந்தானே' அப்படின்னாரு. என்னா சொல்லணும்னு சொல்லிக் குடுத்தேன். தகரம், பென்சில், ரெண்டும் நான் சொன்னதுதான்."

"சின்னவன்?"

அண்ணன் தலையை ஆட்டினார். "அது நான் சொல்லிக் குடுக்கல."

அந்தத் தேத்தண்ணீரில் ஆடை படிந்துவிட்டது. எடுத்துப்போய் வேறு ஊற்றி வந்தேன்.

அவருடைய பெயரைக் கேட்டேன். அண்ணனுக்குத் தெரியவில்லை. "அண்ணேன்னுதான் கூப்பிட்டேன். ஆறு மாசம் பக்கத்துல படுத்திருந்துட்டு பேரு கேக்கல பாத்தியா. பாதை தொறந்தன்னைக்கி நான் ஓடி வந்துட்டேன். அவரு வரல. வந்து எங்க போறது?"

"அப்ப இந்த 'வெளங்குதா'?"

"அது அவரோட பேச்சு. எனக்கு ஒட்டிக்கிச்சு போல."

அண்ணன் வடக்கே போவதற்கு முன்பு 'வெளங்குதா' சொல்வாரா மாட்டாரா என்று இன்றுவரை யோசிக்கிறேன். சொன்னார் என்றுதான் நினைவு சொல்கிறது. அந்த நினைவு அவர் திரும்பி வந்த பிறகு உண்டானதா என்று தெரியவில்லை.

அதைவிட என்னைக் குழப்பியது வேறொன்று. அந்த வருடம் மழைக்கு முன் அம்மா பின்பக்கக் கூரைக்கு உண்மையிலேயே தகரம் போட்டார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கூரை வேலைக்கு வந்தவர்களுக்கு நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏன் திடீரென்று தகரம் என்று கேட்டதற்கு, "ஒங்க அண்ணன் சொல்லிவிட்டிருக்கான்," என்றார் அம்மா. கடிதத்தில் எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இதைச் சொன்னபோது அண்ணன் எழுந்தே விட்டார்.

"காயிதம் எழுதினவனுக்கு நம்ம கூரையப் பத்தி என்னா தெரியும்?"

"நீங்க போறதுக்கு முந்தி சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லல. முகாம்ல மழைய பாத்தப்பொறந்தான் அந்த நெனப்பே வந்துச்சு."

அப்படியானால் அம்மா கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டு வானொலியிலோ வேறெங்கோ, யாரோ ஒருவரின் குரலில் தன் மகனின் பேச்சைக் கேட்டு, அது யார் வீட்டுச் செய்தி என்று புரிந்துகொண்டிருக்கிறார். மகன் கொழும்பில் இல்லை என்று தெரிந்தும், கொழும்பிலிருந்து வந்த கடிதங்களை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அண்ணன் வந்த பிறகும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இல்லையென்றால் இது எதுவுமே நடக்கவில்லை. தகரம் தற்செயலாகப் போட்டதுதான். அம்மா இறந்து நான்கு வருடமாகிறது. கேட்க ஆளில்லை.

விரிவுரையாளரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கைபேசியில் பதிந்ததற்கு அவர் கோபிப்பார் என்று பயந்தேன். அவர் கேட்டது ஒன்றைத்தான்.

"உங்கட அண்ணாவுக்கு விருப்பமெண்டா இஞ்ச வந்து மற்றதுகளையும் கேக்கலாம். வருவாரோ?"

அண்ணன் வந்தார். இப்போது சனிக்கிழமைகளில் கடையை மகளிடம் விட்டுவிட்டு ரயிலேறி வருகிறார். அந்த மனிதர் வேறு எங்காவது பேசியிருக்கிறாரா, ஒரு இடத்திலாவது பெயரைச் சொல்லியிருக்கிறாரா என்று தேடுகிறார். இதுவரை கிடைக்கவில்லை. சில சமயம் கையை உயர்த்தி, "இவர எனக்குத் தெரியும்," என்கிறார். இரண்டு நிமிடம் கழித்து, "இல்ல, இவரு இல்ல," என்கிறார்.

போன சனிக்கிழமை ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னைக் கேட்டார்:

"அந்த வயசுல என் கொரல் எப்படி இருந்துச்சுன்னு ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்குண்ணே," என்றேன் உடனே. பிறகு அதை மனதுக்குள் கேட்டுப் பார்க்க முயன்றேன். வந்தது அந்த மனிதரின் குரல்தான். சூடாகக் கொடுக்காதீர்கள், ஆற வைத்துக் கொடுங்கள் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது.